டிராகனின் வழித்தோன்றல்கள் (பாடல்)

'டிராகனின் வழித்தோன்றல்கள்' தைவானைச் சேர்ந்த ஹௌ டெஜியான் 1978-இல் இயற்றிய மாண்டரின் பாடல். அமெரிக்கா தைவானுடனான தூதரக உறவை முறித்து, பெய்ஜிங் அரசை ஏற்பதாக அறிவித்த சூழலில் எழுதப்பட்டது. லி ஜியான்ஃபு பாடிப் புகழ்பெற்றது. அவருடைய உறவினரும் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவருமான வாங் லீஹோம் 2000-இல் இதை ஆங்கிலம் கலந்து மீண்டும் பாடினார்.

மொழிக்கலப்பு

மூலப்பாடலில், நூறாண்டுக்கு முந்தைய அமைதியான இரவொன்றைத் துப்பாக்கி ஓசை குலைக்கிறது. லீஹோமின் வடிவத்தில் அதே இடத்தில், அமைதியான ஓர் இரவில் ஒரு குடும்பம் நியூயார்க் வந்து சேர்கிறது. நாட்டின் வரலாறு வீட்டின் வரலாறாகிறது. ஆங்கில ராப் பகுதி, பணமும் வேலையும் ஆங்கிலமும் இல்லாமல் தைவானிலிருந்து வந்த பெற்றோரின் கதையைச் சொல்கிறது.

மதிப்பீடு

மாண்டரின் பாப் பாடல்களில் ஆங்கிலச் சொற்கள் பல வேளைகளில் நாகரிக மெருகாகவே வந்துபோகின்றன. இங்கு அப்படியல்ல. பெற்றோர் அறியாமல் வந்த மொழியிலேயே மகன் அவர்களின் துயரைச் சொல்கிறான். அம்மொழி அவனுக்குக் கிடைத்ததே அவர்கள் புலம்பெயர்ந்ததால்தான். எனவே இங்கு ஆங்கிலம் சீன அடையாளத்தைக் குறைக்கவில்லை. அக்குடும்பம் கடந்துவந்த பாதைக்குச் சான்றாகிறது.

ஆயினும் கறுத்த கண்கள், கறுத்த முடி, மஞ்சள் தோல் ஆகியவற்றைக் கொண்டு இனத்தை அடையாளப்படுத்தும் மூலவரி அப்படியே உள்ளது. அயல்மண்ணில் வளர்ந்தவனைச் சீனனாக்குவது வீட்டு நினைவும் குடும்பக் கதையும் என்று புதிய பகுதிகள் காட்டுகின்றன. பழைய வரியோ பிறப்பே போதும் என்கிறது. இந்த முரணைத் தீர்க்க லீஹோமின் வடிவம் முயலவில்லை.