ஜாஸ்: தனிக்குரலும் குழுவும்

நியூ ஆர்லியன்ஸ், ஸ்விங், பீபாப், கூல், ஃப்ரீ, ஃபியூஷன் என்று ஜாஸின் பாணிகளை வரிசையாக அடுக்குவது வழக்கம். பெயர்களை ஒதுக்கிவிட்டு வாசிப்பைக் கூர்ந்து கேட்டால், இவை அனைத்தும் ஒரே கேள்விக்குக் கிடைத்த வெவ்வேறு விடைகள் என்பது புலப்படும்: குழுவில் ஒருவருக்கு எவ்வளவு சுதந்திரம்? அந்தச் சுதந்திரத்தைத் தாங்கிப் பிடிப்பவர் யார்?

நியூ ஆர்லியன்ஸ் கறுப்பின மக்களின் ப்ளூஸும் தேவாலயப் பாடலும், ராக்டைமும், ஊர்வலங்களில் முழங்கிய பாண்டு வாத்தியமும் கலந்து பிறந்தது ஜாஸ். தொடக்கக் காலக் குழுக்களில் கார்னெட் மெட்டைப் பிடிக்கும். கிளாரினெட் அதற்கு மேலே சுழன்று வரும். டிராம்போன் அடியில் நின்று பதில் சொல்லும். மூவருமே ஒரே நேரத்தில் மனோதர்மமாக வாசித்தார்கள். ஆனால் 1917இல் முதல் ஜாஸ் இசைத்தட்டை வெளியிட்டது ஒரு வெள்ளையர் குழு. இசையை உருவாக்கியவர்களின் வாசிப்பு தட்டில் ஏற மேலும் சில ஆண்டுகள் ஆயின. சிகாகோவுக்குக் குடிபெயர்ந்த கிங் ஆலிவரின் குழு 1923இல் பதிந்த தட்டுகளே அந்தப் பாணிக்கு இன்றும் உரைகல்.

அக்குழுவில் இரண்டாம் கார்னெட் வாசித்த இளைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங். 1928இல் அவர் பதிந்த ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’, துணை வாத்தியம் எதுவுமில்லாத டிரம்பெட் வாசிப்போடு தொடங்குகிறது. சில விநாடிகளே நீளும் அந்தத் தொடக்கம், ஜாஸில் தனிக் கலைஞருக்கு உரிய இடத்தை உறுதிசெய்தது.

1930களில் நடனக்கூடங்கள் கேட்டது பெரிய குழுக்களை. பதினைந்து பேர் நினைத்தபடி வாசித்தால் கூச்சல்தான் மிஞ்சும். பித்தளை வாத்தியங்கள் ஓர் அணி, சாக்ஸபோன்கள் ஓர் அணி, ஒன்று கேட்க மற்றது பதில் சொல்லும் என்ற அமைப்பை ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் குழுவுக்காக டான் ரெட்மன் 1920களிலேயே எழுதிக் காட்டியிருந்தார். டியூக் எலிங்டன் ஒரு படி மேலே போய், தம் கலைஞர்கள் ஒவ்வொருவரின் நாதத்தையும் மனத்தில் வைத்தே இசை எழுதினார். 1940இல் வந்த ‘கன்செர்ட்டோ ஃபார் கூட்டி’ கூட்டி வில்லியம்ஸின் டிரம்பெட்டுக்காகவே பிறந்தது.

கவுண்ட் பேஸி குழுவில் ஃப்ரெடி கிரீன் என்ற கிட்டார் கலைஞர் இருந்தார். 1937இல் சேர்ந்தவர், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அதில் வாசித்தார். மின்னிணைப்பில்லாத கிட்டார், பாருக்கு (ஒரு தாளச் சுற்றுக்கு) நான்கு தட்டு, தனி வாசிப்பு மிக அரிது. அவர் கிட்டார் கேட்பவர் காதில் தனியாக விழாது. ஆனால் பதினைந்து பேரின் காலப்பிரமாணமும் அதன்மேல்தான் நின்றது.

1940களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் ஹார்லெமில், மின்டன்ஸ் பிளேஹவுஸில் நள்ளிரவு தாண்டிக் கூடிய இளைஞர்கள் இந்தக் கட்டுக்கோப்பைத் தளர்த்தினார்கள். கென்னி கிளார்க் தாள நடையைப் பெரிய டிரம்மிலிருந்து சிம்பலுக்கு மாற்றினார். பெரிய டிரம் எதிர்பாராத இடங்களில் விழும் அடிகளுக்குக் கிடைத்தது. சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் பழைய பாடல்களின் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) வரிசையை வைத்துக்கொண்டு, மின்னல் வேகத்தில் புது மெட்டுகளை எழுப்பினார்கள். நடனத்துக்கான இசை, உட்கார்ந்து கேட்கும் இசையானது.

அதன் பின் மாற்றங்கள் விரைந்து வந்தன. 1959இல் வெளியான மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வில் ‘ஸோ வாட்’ என்ற உருப்படியின் 32 பார்களும் இரண்டே சுர அடுக்குகளில் அடங்குகின்றன. கார்டுகள் குறையக் குறைய மெட்டுக்கு இடம் பெருகியது. அதே காலத்தில் ஆர்னெட் கோல்மன் கார்டு வரிசையையே துறந்தார். 1970களில் ஜாஸ் இந்திய இசையோடும் கைகோத்தது: ஜான் மெக்லாக்லின் தொடங்கிய ‘சக்தி’ குழுவில் ஜாகிர் உசேனின் தபலாவோடு எல். சங்கரின் வயலினும் விக்கு விநாயக்ராமின் கடமும் சேர்ந்தன.

பாணி எதுவானாலும் ஒரு ஜாஸ் குழுவின் தரத்துக்கு மூன்று சோதனைகள் உண்டு. காலப்பிரமாணம் துள்ளலோடு நிற்கிறதா? இரண்டு சுரங்களிலேயே வாசிப்பவர் இன்னார் என்று தெரிகிறதா? ஒருவர் வாசிக்கையில் மற்றவர்கள் செவிகொடுக்கிறார்களா? முதல் இரண்டும் சாதகத்தால் கைகூடும். மூன்றாவதுதான் நல்ல கலைஞர்களின் கூட்டத்தை நல்ல குழுவாக்குகிறது. புதிதாகக் கேட்கத் தொடங்குபவரானால், ஆம்ஸ்ட்ராங், எலிங்டன், பார்க்கர், டேவிஸ் என்ற வரிசையில் கேளுங்கள். ஒவ்வொரு பதிவையும் ஒருமுறை தனி வாசிப்புக்காகவும், மறுமுறை பின்னால் ஓடும் பாஸுக்கும் டிரம்ஸுக்குமாகவும் கேளுங்கள்.