காற்புள்ளியைக் கவனிக்கும் கண்

பைத்தான் நிரல்மொழி படிக்கத் தொடங்கியவர்களுக்கு, மதிப்புகளை வரிசையாக அடுக்கிவைக்கும் டியூப்பிள் பற்றிய பாடத்தில் இப்படி ஒரு பயிற்சி கொடுப்பதுண்டு: இரு முனைகளிலும் உள்ள உறுப்புகளை இடம் மாற்று, நடுவில் இருப்பவை அப்படியே இருக்கட்டும். விடையைத் திருத்தும் நிரல் (1, 2, 3) என்று கொடுத்து (3, 2, 1) வருகிறதா என்று மட்டும் பார்த்தால், மொத்த டியூப்பிளையும் தலைகீழாகத் திருப்பிய மாணவரும் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார். இன்னும் ஓர் உறுப்பைக் கூட்டி (1, 2, 3, 4) என்று கொடுத்தால் சரியான விடை (4, 2, 3, 1). திருப்பிப் போட்டவருக்கு வருவது (4, 3, 2, 1). அடுத்து (7,) கொடுக்க வேண்டும். கடைசி உறுப்பு, நடுப்பகுதி, முதல் உறுப்பு என்று யோசிக்காமல் ஒட்டியவரிடமிருந்து (7, 7) வரும். இரண்டே உள்ளீடுகளில் இரண்டு வேறு பிழைகள் பிடிபடுகின்றன. விடை திருத்தும் நிரலை எழுதும் கலையில் என்னை மயக்குவது இந்தச் சிக்கனம்தான்.

மாணவரின் நிரலை இன்னொரு நிரல் திருத்துவது பழைய யோசனை. அமெரிக்காவின் ரென்சலர் பாலிடெக்னிக்கைச் சேர்ந்த ஜாக் ஹாலிங்ஸ்வொர்த் 1960-இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். துளையட்டைகளின் காலம் அது. பைத்தானில் இதற்கான கருவிகள் மொழியோடு சேர்ந்தே கிடைக்கின்றன. 2001-இல் வந்த 2.1 பதிப்பில் டாக்டெஸ்ட், யூனிட்டெஸ்ட் இரண்டும் இடம்பெற்றன.

கருவி கையில் இருந்தாலும் எதைப் பார்ப்பது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. டாக்டெஸ்ட் திரையில் வரும் எழுத்துகளை ஒப்பிடுகிறது. டியூப்பிளை ரிட்டர்ன் செய்ய வேண்டிய இடத்தில் பிரிண்ட் மட்டும் செய்தவரும் அதில் தேறிவிடலாம். மதிப்புகளை == கொண்டு ஒப்பிட்டால் அந்தப் பிழை சிக்கிவிடும்; ஆனால் (1, 0), (ட்ரூ, ஃபால்ஸ்) இரண்டும் சமம் என்றே பைத்தான் சொல்லும். ஆகவே தேர்ந்த கை மதிப்பைப் பார்க்குமுன் வகையைப் பார்க்கும். யூனிட்டெஸ்ட்டில் டியூப்பிளுக்கென்றே உள்ள ஒப்பீடு, உள்ளே இருக்கும் உறுப்புகளின் வகையைப் பார்ப்பதில்லை என்றாலும், வெளிவகையைப் பொறுத்தவரை அப்படித்தான் நடந்துகொள்கிறது. இரண்டும் டியூப்பிள்தானா என்று முதலில் உறுதி செய்துகொள்கிறது. பிறகு எந்த இடத்தில் முதன்முதலாக வேறுபடுகின்றன என்று சுட்டிக்காட்டுகிறது.

கறார் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் பெருந்தன்மை. டியூப்பிளின் உறுப்பை நேரடியாக மாற்ற முடியாது; முயன்றால் டைப்எரர் வரும். மூன்றாம் உறுப்பை மாற்றிய புதிய டியூப்பிளைத் தரச் சொன்னால், ஒரு மாணவர் அதை லிஸ்ட்டாக்கி, மாற்றி, மீண்டும் டியூப்பிளாக்குவார். இன்னொருவர் முன்பகுதியையும் பின்பகுதியையும் வெட்டியெடுத்து நடுவில் புதிய உறுப்பைச் சேர்ப்பார். இரண்டும் சரி. ஆசிரியரின் மாதிரி விடையைப் போலவே எழுதியிருக்கிறாரா என்று தேடும் நிரல், சொந்தமாக யோசித்த மாணவரைத் தண்டிக்கிறது. விடையின் இயல்பைச் சோதிக்கும் நிரல் எந்த வழியில் வந்தவரையும் ஏற்றுக்கொள்கிறது.

திருத்தும் நிரல் மாணவரிடம் சொல்லும் சொல்லிலும் அழகு வேண்டும். ஒரே உறுப்புள்ள டியூப்பிளைக் கேட்டால் (5) என்று எழுதுபவர்கள் அநேகம். பைத்தானுக்கு அது வெறும் எண். (5,) என்பதே டியூப்பிள். அங்கே ‘தவறு’ என்று மட்டும் சொல்வது பாதி வேலை. ‘நீங்கள் தந்தது எண். அடைப்புக்குறி மட்டும் டியூப்பிளை உருவாக்காது; 5-க்குப் பின் காற்புள்ளி வையுங்கள்’ என்பது பாடம். அந்த வரியை எழுத, பிழை எங்கே பிறக்கிறது என்று முன்கூட்டியே ஊகித்திருக்க வேண்டும்.

அதனால்தான் இந்தக் கலையில் கைதேர்ந்தவர்கள் சரியான விடையோடு நிற்பதில்லை. மாணவர்கள் எழுதக்கூடிய தவறான விடைகளையும் தாங்களே எழுதி, ஒவ்வொன்றும் பிடிபடுகிறதா, ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான பதில் போகிறதா என்று ஓட்டிப் பார்க்கிறார்கள். வகுப்பில் எத்தனை பேர் இருந்தாலும் ஒவ்வொருவர் விடையையும் அதே நிதானத்தோடு படிக்கும் ஆசிரியர், அந்த முன்யோசனையிலிருந்தே உருவாகிறார்.