தேசிய மொழி, ஆட்சி மொழி: இரு சொற்களின் பொருள் வரையறை

இந்தி இந்நாட்டின் தேசிய மொழி என்னும் தொடரை மேடையிலும் ஏட்டிலும் காண்கிறோம். அரசமைப்புச் சட்டத்தின் 343ஆம் பிரிவோ, தேவநாகரி எழுத்தில் அமைந்த இந்தியை ஒன்றியத்தின் ஆட்சி மொழி என்றே குறிக்கின்றது. எட்டாம் அட்டவணையில் 1950இல் 14 மொழிகளும் இன்று 22 மொழிகளும் இடம்பெறினும், அவற்றுள் ஒன்றற்கும் 'தேசிய மொழி' என்னும் பெயர் இடப்படவில்லை. இவ்விரண்டையும் ஒருபொருட் சொற்களாகக் கொள்வார் கூற்று எமக்கு உடன்பாடன்று.

வீரகேரளம்புதூர்ப் பக்கத்தார்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். ஊர்ப்பெயரில் கேரளம் உளது. ஊரார் பேசுவதோ தமிழ். (அப்பெயரின் வரலாற்றைத் துணிதல் ஈண்டு எம் நோக்கமன்று.) அண்மையிலுள்ள செங்கோட்டை வட்டத்தின் பெரும்பகுதி, 1956 நவம்பர் 1ஆம் நாள் திருவிதாங்கூர்-கொச்சியினின்று பிரிந்து சென்னை இராச்சியத்தோடு இணைந்தது. அன்று மக்கள் வீட்டில் வழங்கிய மொழி மாறவில்லை; அவர் மனு எழுதிச் செல்லும் அரசே மாறிற்று. ஒருவனது மொழி யாது என்பது ஒரு வினா. அவன் மனுவை எம்மொழியில் ஏற்பர் என்பது மற்றொரு வினா.

அதே 1956இல் இலங்கை சிங்களத்தை மட்டும் ஆட்சி மொழியாக்கிற்று. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு, சிங்களத்தோடு தமிழையும் தேசிய மொழி என்றது. ஆட்சி மொழி என்னும் தகுதியைச் சிங்களத்திற்கே வைத்துக்கொண்டது. தமிழும் ஆட்சி மொழியாகும் என்னும் விதி 1987ஆம் ஆண்டுப் பதின்மூன்றாம் திருத்தத்தில்தான் வந்தது. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளும் தமிழ் பெற்றிருந்தது பெயர், பெறாதிருந்தது பணி. சுவிட்சர்லாந்திலும் ரோமான்சு மொழி 1938இல் தேசிய மொழியாயிற்று. அதனைப் பேசுவாரோடு கூட்டரசு கொள்ளும் தொடர்பில் ஆட்சி மொழியாதற்கு 1996 வரை காத்திருந்தது.

பல இனத்தார் வாழும் நாட்டிற்குப் பொதுமொழி ஒன்று வேண்டும் என்பாரை யாம் முற்றும் மறுக்கவில்லை. சந்தைக்கும் பயணத்திற்கும் அது தானே அமைந்துகொள்ளும். ஆயின் தேர்வும் வேலையும் வழக்குமன்றமும் எம்மொழியில் நடக்கும் என்பது தானே அமைவதன்று. சட்டச் சொல்லால் அமைவது. 1963ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் ஆங்கிலம் தொடர்ந்து வழங்கப்பட'லாம்' என்றபோது, அந்த 'லாம்' ஈற்றில் அனுமதியன்றி உறுதி உண்டோ என எழுந்த ஐயம் வெறும் இலக்கண வினாவன்று. 1965ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின், 1967இல் நிறைவேறிய திருத்தம், இந்தியை ஆட்சி மொழியாகக் கொள்ளாத மாநிலச் சட்டமன்றங்கள் அனைத்தும் தீர்மானம் இயற்றும்வரை அவ்வழக்கு நீடிக்கும் என்று வரையறுத்தது. அத்திருத்தத்திலும் தேசிய மொழி என்னும் சொல் இல்லை.