பாலாற்று வெள்ளமும் கன அடிக் கணக்கும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இப்படி ஓர் அறிவிப்பை நீங்கள் கேட்டிருப்பீர்கள்: "பாலாற்றில் வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி நீர் செல்கிறது. கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்ல வேண்டும்." கேட்டவுடன் உங்களுக்கு என்ன தோன்றிற்று? தண்ணீர் உங்கள் தெருவுக்கு வருமா, வாசற்படியோடு நிற்குமா, அல்லது கூரையைத் தொடுமா? இக்கேள்விகளுக்கு அந்த அறிவிப்பில் விடை இருந்ததா?

வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் பாலாற்று வெள்ளத்தைப் பற்றி வழங்கும் சொற்களை அறிவியல் நோக்கில் உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பிழையான சொல் பிழையான எண்ணத்தைத் தரும். வெள்ளக் காலத்தில் பிழையான எண்ணம் உயிரையே வாங்கிவிடும்.

கன அடி யாருடைய அளவு?

ஒரு கன அடி என்பது ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் உள்ள பெட்டி கொள்ளும் நீர்; அதாவது சுமார் 28 லிட்டர். 2021 நவம்பர் 19ஆம் நாள் வங்கக் கடலில் இருந்த தாழ்வு மண்டலம் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரையைக் கடந்தது. அப்போது வாலாஜா அருகே 1858இல் கட்டி முடிக்கப்பட்ட பாலாற்று அணைக்கட்டைக் கடந்து வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் நீர் பாய்ந்தது. வினாடிக்கு 28 லட்சம் லிட்டருக்கும் மேல்!

அணைக்கட்டைக் காக்கும் பொறியாளருக்கு இந்த எண் மிகவும் தேவையானது. மதகுகளை எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்பதை அவர் இதைக்கொண்டே முடிவு செய்கிறார். ஆனால், ஆற்றங்கரையில் குடியிருப்பவருக்கு வேண்டியது பாயும் நீரின் அளவு அன்று, நீரின் மட்டம். இரண்டும் ஒன்றல்ல. ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

பாயும் நீரின் அளவு = ஆற்றின் அகலம் × ஆழம் × வேகம். ஓரிடத்தில் ஆறு 1500 அடி அகலம் என்றும், நீர் வினாடிக்கு 6 அடி வேகத்தில் ஓடுகிறது என்றும் கொள்வோம். ஒரு லட்சம் கன அடி நீர் அங்கே ஏறத்தாழ 11 அடி ஆழத்தில் செல்லும். அதே ஆற்றில் சற்றுக் கீழே இரு கரைகளும் ஆக்கிரமிக்கப்பட்டு அகலம் 1000 அடியாகக் குறுகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆழம் கூடும்போது வேகமும் சற்றுக் கூடும். வினாடிக்கு 7 அடி ஆகலாம். அப்படியும் நீரின் ஆழம் 14 அடிக்கு மேல் போகும். கன அடியில் மாற்றம் ஒன்றுமில்லை. ஆனால் மட்டம் 3 அடி உயர்ந்துவிட்டது. மூன்றடி என்றால் வீட்டுக்குள் கட்டில் மூழ்கும் உயரம்.

ஆகவே, அறிவிப்பில் வரும் ஒரே எண் ஓர் ஊருக்கு நிம்மதியையும் அடுத்த ஊருக்கு ஆபத்தையும் குறிக்கலாம். நம் நாட்டில் வெள்ள முன்னறிவிப்புச் செய்யும் மத்திய நீர் ஆணையம், தான் கண்காணிக்கும் இடங்களில் எச்சரிக்கை மட்டம், அபாய மட்டம், இதுவரை கண்ட உச்ச மட்டம் என மீட்டரில் கணக்குக் கொடுக்கிறது. அந்த முறை தெரு வரைக்கும் வர வேண்டும். "பள்ளிவாசல் தெருவில் முழங்கால் அளவு, தரைப்பாலத்தின்மேல் ஆள் உயரம்" என்று சொன்னால் பாட்டிக்கும் விளங்கும், பேரனுக்கும் விளங்கும்.

இன்னொரு குறையும் உண்டு. ஆற்றின் அளவை மட்டும் சொல்லும் அறிவிப்பு, ஆற்றுக்கு வெளியே உள்ள ஆபத்தைச் சொல்வதில்லை. அதே 2021 நவம்பர் 19 விடியற்காலையில் பேரணாம்பட்டில் மழையில் ஊறிய வீடு இடிந்து விழுந்து 9 பேர் மாண்டனர். அவர்களில் 4 பேர் குழந்தைகள். பெருமழையின்போது ஊறிய மண்சுவரும் பழஞ்சுவரும் ஆற்றுக்கு இணையான ஆபத்து என்பதை எச்சரிக்கையில் ஒரு வரியாகவேனும் சேர்க்க வேண்டாமா?

"நூறாண்டுக்கு ஒருமுறை"

1903 நவம்பர் 12ஆம் நாளைய வெள்ளத்தை வாணியம்பாடி இன்னும் மறக்கவில்லை. அன்று மைசூர்ச் சமஸ்தானப் பகுதியில் இருந்த ஏரிகள் உடைந்து, அந்த நீரெல்லாம் பாலாற்றில் திரண்டு வந்து ஊரைச் சூறையாடிற்று. இருநூறு பேருக்கு மேல் உயிரிழந்தனர். 2021இல் வெள்ளம் வந்தபோது, "118 ஆண்டுகளுக்குப் பிறகு" என்று எல்லோரும் எழுதினர். அது வரலாறு. ஆனால், "இனி அடுத்த 118 ஆண்டுகளுக்குக் கவலையில்லை" என்று சிலர் அதற்குப் பொருள் கொள்கிறார்களே, அதுதான் தவறு.

நீரியலார் "நூறாண்டு வெள்ளம்" என்று சொல்லும்போது, எந்த ஓர் ஆண்டிலும் அவ்வெள்ளம் வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்றே பொருள். இவ்வாண்டு வந்துவிட்டது என்பதால் அடுத்த ஆண்டில் வாய்ப்புக் குறைவதில்லை. கரையில் வீடு கட்டி 30 ஆண்டு குடியிருந்தால், அந்த வெள்ளத்தை ஒருமுறையாவது பார்க்கும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 26. நான்கில் ஒன்றுக்கும் சற்று மேல்! அது மட்டுமன்று. கடந்த கால மழையைக்கொண்டு போட்ட கணக்கு இது. காற்று வெப்பமடையும்போது அது கூடுதலான நீராவியைத் தாங்குகிறது. பெருமழை மேலும் பெருமழையாகிறது. ஆகவே பழைய கணக்கு நமக்குத் தரும் ஆறுதல் குறைந்துகொண்டே வருகிறது.

பாலாறு ஆண்டின் பெரும்பகுதி வறண்ட மணல். அதுவே நம்மை ஏமாற்றுகிறது. வறண்ட ஆற்றை வெற்று நிலம் என்று எண்ணிக் குடிசை போடுகிறோம், குப்பை கொட்டுகிறோம், மணலை அள்ளுகிறோம். வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தில் மண்ணும் ஏரிகளும் நீரைக் குடித்துக்கொள்கின்றன. கார்த்திகை பிறக்கும் வேளையில் ஏரிகள் நிரம்பிக் கடைவாய் வழிகின்றன, மண்ணும் ஊறிவிட்டது. அதன்பின் பெய்யும் மழைக்குப் போக்கிடம் ஆறு ஒன்றே. 1903, 2021 ஆகிய இரண்டும் நவம்பர் நடுவில் வந்தவை என்பதைக் கவனியுங்கள்.

"வெள்ளம் ஆற்றைக் கழுவிவிட்டது"

தோல் தொழில் நடக்கும் ஊர்களில் அடிக்கடி காதில் விழும் சொல் இது. கேட்கவும் இதமாக இருக்கிறது. ஆனால் இதுவே மிகுந்த தீங்கு செய்யும் சொல் என்பேன்.

மழை நாட்களில் ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் பாலாற்று நீரில் நுரை பொங்கி மிதப்பதைச் செய்தித்தாள்களில் பலமுறை பார்த்திருக்கிறோம். சுத்திகரிக்காத கழிவுநீரை மழையோடு மழையாகச் சிலர் திறந்துவிடுகிறார்கள் என்பது கரையோர மக்களின் நெடுநாளைய புகார். "இவ்வளவு வெள்ளத்தில் அது எம்மாத்திரம்? கரைந்து போய்விடும்" என்பது அதற்குச் சொல்லப்படும் சமாதானம்.

கரைவது வேறு, மறைவது வேறு. ஒரு லிட்டரில் 100 மில்லிகிராம் குரோமியம் உள்ள கழிவுநீர் 10 லட்சம் லிட்டர் ஆற்றில் விடப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதிலுள்ள குரோமியம் 100 கிலோ. ஆற்றில் பத்து மடங்கு நீர் வந்தால் ஒரு லிட்டரில் உள்ள அளவு குறையும். 100 கிலோ 100 கிலோவாகவே இருக்கும். தோல் பதனிடும் தொழிற்சாலையிலிருந்து வெளியேறும் நீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக் கூடாது என்பது விதி. வெள்ள நீரைக் கலந்து அந்த 2 மில்லிகிராமைக் காட்டுவது, பாலில் தண்ணீர் ஊற்றிப் படியளப்பதைப் போன்றது.

சரி, அந்தக் குரோமியம் எங்கே போகிறது? பதனிடுதலில் பயன்படும் மூவிணைதிறக் குரோமியத்தின் பெரும்பகுதி வண்டலோடு சேர்ந்து படிகிறது. வெள்ளம் வடிந்தபின் அந்த வண்டல் யாருடைய வயலில் தங்குகிறதோ அவருக்கு அது சொந்தமாகிறது. தோலைக் கெடாமல் வைக்கப் போடும் உப்போ படிவதே இல்லை. நீரோடு மணலுக்குள் இறங்குகிறது. பாலாற்று மணலுக்கு அடியில்தான் இப்பகுதி ஊர்களின் குடிநீர்க் கிணறுகள் இருக்கின்றன. மணலின் கன அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம். அந்த இடத்தை நிரப்புவது வெள்ளமே. ஆகவே கார்த்திகையில் ஆற்றில் விட்டதைச் சித்திரையில் குடத்தில் பிடிக்கிறோம்.

இராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் வளாகத்தில் ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு மலைபோல் குவிந்திருந்ததை நீங்கள் அறிந்திருக்கலாம். அதிலுள்ள ஆறிணைதிறக் குரோமியம் நீரில் எளிதில் கரைவது, புற்றுநோய் விளைவிப்பது. இத்தகைய குவியலின்மேல் மழை பெய்தால் அது எதைக் "கழுவி" எங்கே கொண்டுசேர்க்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

தோல் தொழில் இப்பகுதியில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அது அழிய வேண்டும் என்பது என் கருத்தன்று. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்ததும், கழிவுநீரை வெளியேற்றாத முறை வந்ததும் உண்மையான முன்னேற்றங்களே. 1996 ஆகஸ்டு 28இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்புக்கு ஈடு செய்ய வேண்டும் என்று வேலூர் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆயினும், 2025 ஜனவரி 30இல் அதே பிரச்சினையில் அதே நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புக் கூற வேண்டியிருந்தது. இடையில் 28 ஆண்டுகள்! சட்டம் இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது. மழை இரவில் மதகைப் பார்த்துக்கொள்ளும் கண்தான் இல்லை. வெள்ள எச்சரிக்கை வந்த நாட்களில் சுத்திகரிப்பு நிலையங்களையும் கழிவுநீர்த் தொட்டிகளையும் இரவு பகலாகச் சோதிப்பது வெள்ளத் தடுப்பு வேலையின் ஒரு பகுதியாக வேண்டும். இன்று ஆற்றின் அளவை ஒரு துறை பார்க்கிறது. ஆற்றின் தன்மையை வேறொரு துறை பார்க்கிறது. ஆறோ ஒன்றுதான்.

நீங்கள் செய்யக்கூடியது

மாணவர்களே, இதற்கெல்லாம் அரசாணை வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. 2021இல் உங்கள் தெருவில் நீர் எதுவரை ஏறியது என்று பெரியவர்களைக் கேளுங்கள். சுவரில் கறை இருந்தால் அளந்து பாருங்கள். தலைமையாசிரியரின் இசைவு பெற்று, பள்ளிச் சுவரில் அந்த மட்டத்தில் ஒரு கோடு போட்டு ஆண்டையும் தேதியையும் எழுதுங்கள். அருகிலுள்ள பாலத் தூணில் பொதுப்பணியாளர் வரைந்த அளவுகோல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் வேண்டுமென்று ஊராட்சியிலோ நகராட்சியிலோ மனுக் கொடுங்கள். அடுத்த மழையில் கன அடி எவ்வளவு, தூணில் மட்டம் எவ்வளவு என்று கரையிலிருந்தே குறித்து வாருங்கள். ஆற்றில் இறங்க வேண்டாம். மூன்று நான்கு பருவங்கள் குறித்தால், "இத்தனை ஆயிரம் கன அடி என்றால் நம் தெருவில் இவ்வளவு" என்னும் அட்டவணை உங்கள் கையில் இருக்கும். அதை ஊர்ப் பொது இடத்தில் ஒட்டிவையுங்கள். அடுத்த கார்த்திகையில் அறிவிப்பு வரும்போது, கிளம்ப வேண்டுமா என்று உங்கள் தெருவில் யாரும் தவிக்க வேண்டியிராது.