ஒரு கோல் போதும், பின்வரிசை நின்றால்

புக்கிட் தெங்கா ஒட்டுக்கடைகளில் காற்பந்துப் பேச்சு இப்போதெல்லாம் இங்கிலாந்து லீக்கோடு முடிந்துவிடுகிறது. கோல் மழை பெய்தால்தான் ஆட்டம் என்று நம் இளவட்டங்கள் நினைக்கிறார்கள். அவர்களிடம் 1980 ஏப்ரல் 6-ஆம் நாள் மெர்டேக்கா அரங்கில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மலேசியா 2, தென் கொரியா 1. மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கு யார் போவது என்பதை முடிவு செய்த ஆட்டம் அது.

பழைய ஆட்கள் இந்தக் கதையை வெற்றிக் கோலில்தான் தொடங்குவார்கள். ஹசான் சானி ஓடிக் கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் வலைக்குள் அனுப்பினார். இருவரும் சபாக்காரர்கள், ஒருவர் எங்கே ஓடுவார், மற்றவர் எங்கே நிற்பார் என்பது இருவருக்கும் அத்துப்படி. அழகான கோல், மறுக்கவில்லை. ஆனால் ஆட்டத்தை வென்றது அந்த கோல் மட்டும்தானா?

நான் பின்வரிசைக்குத்தான் ஓட்டுப் போடுவேன். தற்காப்பின் நடுவில் 'தவுக்கே' சோ சின் ஆன், பக்கத்தில் சந்தோக் சிங். இருவருக்கும் பின்னால் சிலாங்கூரின் ஆர். ஆறுமுகம். நீளக் கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வாங்கியவர். கோல் காவலருக்குக் கை நீளம் என்றால் லாபம் அவருக்கு மட்டுமல்ல. உயரமாக வரும் பந்தை அவர் வெளியே வந்து பிடித்துக்கொள்வார் என்ற தைரியம் இருந்தால், தற்காப்பு ஆட்டக்காரர்கள் கோல் வாசலில் கூட்டம் போட வேண்டியதில்லை. ஆளைப் பிடிக்க முன்னேறிப் போகலாம். நடுத்திடலில் நம் பினாங்கு ஷுக்கோர் சாலே வேறு. பந்து அவர் காலில் சுற்றிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் எதிரணி பந்துக்காக ஓடுகிற நேரம். அதையும் தற்காப்புக் கணக்கில்தான் நான் எழுதுவேன்.

தற்காப்பே ஆட்டத்தை வெல்லும் என்பதற்கு அமெரிக்கப் பேஸ்பாலில் ஓர் உச்சம் உண்டு. 1965 செப்டம்பர் 9, லாஸ் ஏஞ்சலஸ். டோட்ஜர்ஸ் 1, கப்ஸ் 0. டோட்ஜர்ஸ் பந்து வீச்சாளர் சாண்டி கூஃபக்ஸ் 27 பேரைச் சந்தித்து 27 பேரையும் வெளியேற்றினார். அவர்களில் 14 பேர் மட்டை வீசியும் வீசாமலும் மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட். எதிரே பந்து வீசிய பாப் ஹெண்ட்லி விட்டுக்கொடுத்ததும் ஒரே ஒரு ஹிட்தான். வேடிக்கை என்னவென்றால், அந்த ஒற்றை ஓட்டம் அந்த ஹிட்டில் வரவில்லை. லூ ஜான்சன் மட்டையில் பந்து படாமலே முதல் தளத்துக்கு நடந்தார். சக ஆட்டக்காரர் தன்னைப் பலிகொடுத்து அவரை இரண்டாம் தளத்துக்கு நகர்த்தினார். மூன்றாம் தளத்தை ஜான்சன் திருடியபோது கேட்சர் எறிந்த பந்து தவறிப்போக, அவர் வீடு வந்து சேர்ந்தார். ஹெண்ட்லி செய்த குற்றம் என்று பெரிதாக எதையும் சொல்ல முடியாது. தோற்றவர் அவர்தான்.

நம் அணிக்கு நடந்தது வேறு மாதிரி அநியாயம். ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து மலேசியா மாஸ்கோவைப் புறக்கணித்தது. நமக்குப் பதிலாகப் போன ஈராக் காலிறுதி வரை ஆடியது. ஆறுமுகம் 1988 டிசம்பரில் சாலை விபத்தில் மறைந்தார், வயது 35. 2016-இல் வந்த 'ஓலா போலா' படத்தில் அவரை நினைவூட்டும் கோல் காவலர் முத்துவைப் பார்த்துத்தான் நம் பிள்ளைகளில் பலருக்கு அவர் பெயரே தெரிய வந்தது.

இன்னொரு வழக்கும் பாக்கி இருக்கிறது. கொரியாவை வென்ற ஆட்டங்களில் பெரியது எது? 1971-இல், மியூனிக் ஒலிம்பிக்கிற்கான தேர்வில், சியோலிலேயே கொரியாவை 1-0 என்று சாய்த்தோம். சையட் அகமட் தலையால் முட்டிய ஒரே கோல். மியூனிக்கில் மேற்கு ஜெர்மனியிடம் 0-3, மொரோக்கோவிடம் 0-6 என்று வாங்கிக் கட்டிக்கொண்டாலும், அமெரிக்காவை 3-0 என்று வீழ்த்திவிட்டே திரும்பினார்கள். அந்த ஒலிம்பிக் அணியில் பினாங்கின் நமாட், ஷஹாருடின் சகோதரர்களும் இருந்தார்கள். 1980-க்கு மெர்டேக்கா அரங்கின் கூச்சல் துணை இருந்தது. சியோலில் கூச்சல் அத்தனையும் எதிராளிக்கு. அங்கே ஒரு கோலைப் போட்டுவிட்டு, கடைசி வரை ஒன்றும் வாங்காமல் நிற்பது கூடுதல் கஷ்டம். என் ஓட்டு சியோலுக்கு.