எண்ணும் விளக்கமும்: ‘கோ’ ஆட்ட ஆய்வுத் திரைகள் பற்றிய ஒரு மதிப்பீடு

‘கோ’ சீனத்திலே தோன்றிக் கொரியாவிலும் யப்பானிலும் வேரூன்றிய பலகை ஆட்டமாகும். நெடுக்கே 19 கோடுகளும் குறுக்கே 19 கோடுகளும் வெட்டிக்கொள்ளும் 361 சந்திகளிலே, கறுப்பு வெள்ளைக் காய்களை மாறி மாறி வைத்துப் பரப்பை வளைத்துக்கொள்வதே அதன் சாரம். சீன மரபிலே இசை, எழுத்தணி, ஓவியம் ஆகியவற்றோடு கற்றோர்க்குரிய நாற்கலைகளுள் ஒன்றாக இது வைத்தெண்ணப்பட்டது. ‘கைகளின் உரையாடல்’ எனப் பொருள்படும் பெயரொன்றும் இதற்கு உண்டு. ஆட்டம் முடிந்தபின் எதிரிகள் இருவரும் காய்களை மீண்டும் அடுக்கி, எவ்விடத்தில் யாது கருதினோம் என ஆராய்வது இன்றும் நிலவும் வழக்கம். எனவே, தனக்கென ஒரு விமர்சன மரபினையும் உடைய ஆட்டம் இது எனலாம். அம்மரபு கணினித் திரைக்கு இடம்பெயர்ந்தபோது அடைந்த மாற்றமே இங்கு நமது கவனத்துக்குரியது.

2016 மார்ச்சில் சியோல் நகரிலே ‘அல்பாகோ’ என்னும் நிரல் கொரிய வல்லுநர் லீ செடோலை 4–1 என்ற கணக்கில் வென்றது. இரண்டாம் ஆட்டத்தில் அது வைத்த 37ஆவது காயைத் தவறென்றே பல வல்லுநர் முதலிற் கருதினர். மனிதர் ஒருவர் அவ்விடத்தைத் தெரிந்தெடுக்கும் வாய்ப்புப் பத்தாயிரத்தில் ஒன்று என அந்நிரலே கணித்திருந்தது. ஆயின், அல்பாகோ பொதுப் பயன்பாட்டுக்கு விடப்படவில்லை. அதன் செய்முறையை விளக்கும் கட்டுரைகளைக் கொண்டு, 2017இல் ‘லீலா சீரோ’ உருவாயிற்று. ஆர்வலர் பலர் தத்தம் கணினிகளின் உழைப்பை இலவசமாக வழங்கியதன் பேறு அது. 2019இல் டேவிட் வூ ‘கட்டகோ’வை வெளியிட்டார். ஒரு நிறுவனத்தின் உடைமையாயிருந்த அறிவு இவ்வாறு பொதுச் சொத்தாகியமை முற்போக்கான நிகழ்வு என்பதில் ஐயமில்லை.

எனினும், இந்நிரல்கள் வாயற்ற ஆசான்கள். அவை தருவன எண்களே. அவ்வெண்களை மனிதர் கண்முன் நிறுத்துவது இடைமுகமாகும். லீலா சீரோவுக்கென எழுந்த ‘லிசி’யிலே பலகை மீது வண்ண வட்டங்கள் தோன்றும். ஒவ்வொரு வட்டத்தினுள்ளும் வெற்றி வாய்ப்பின் நூற்றுவீதமும், அவ்வழியை நிரல் எத்தனை முறை ஆராய்ந்தது என்ற தொகையும் காணப்படும். பின்னர் வந்த ‘கட்ரெயின்’, ஆடிய காய்களின் மேல் வண்ணப் புள்ளியிட்டு, அவற்றால் இழந்த புள்ளிகளின் அளவைக் காட்டுகிறது. இவை வெறும் அலங்காரங்கள் அல்ல. எதனைப் பெரிதாகவும் எதனைச் சிறிதாகவும் காட்டுவது என்ற தெரிவே ஒரு விமர்சனக் கொள்கையாகும்.

முதலாவதாக, வெற்றி வாய்ப்பினை நோக்குவோம். ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் அரைப் புள்ளி முன்னிற்பவருக்கும் முப்பது புள்ளி முன்னிற்பவருக்கும் இவ்வெண் ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றக்கூடும். எனவே அதன் வீழ்ச்சி தவறின் பருமனை அளக்கும் கோல் அன்று. அரைப் புள்ளி ஆட்டத்திலே ஒரு சிறு வழு வரைபடத்தைப் பாதாளத்திலே தள்ளும். பெருவித்தியாச ஆட்டத்திலே பத்துப் புள்ளி வழு அசைவின்றி மறையும். கட்டகோ புள்ளி வித்தியாசத்தையும், எப்பகுதி எவருக்குரியதாகும் என்ற மதிப்பையும் சேர்த்துக் கணித்தமையால் இக்குறை பெருமளவு நீங்கிற்று.

இரண்டாவதாக, பத்து முறை மட்டும் ஆராயப்பட்ட வழியின் எண்ணும், பத்தாயிரம் முறை ஆராயப்பட்ட வழியின் எண்ணும் ஒரே அளவு எழுத்தில் அருகருகே நிற்கக்கூடும். முன்னது ஊகம்; பின்னது ஓரளவு நிலைபெற்ற முடிபு. தசமத்தானம் வரை எழுதப்பட்ட ஊகம், முடிபின் வேடத்தைப் பூண்டுகொள்கிறது.

மூன்றாவது குறையே தலையாயது. நம் உரையாசிரியர் மாற்றுப் பொருளைச் சுட்டி, ‘என்பாரும் உளர்’ எனக் கூறுமிடத்து, அது பொருந்தாமைக்குக் காரணமும் கூறுவர். திரையோ மாற்று வழிகளை அடுக்குகிறது; காரணம் கூறுவதில்லை. மாணவன் நீல வட்டத்தை மனனஞ் செய்கிறான். ‘ஏன்?’ என்ற வினா எழுமுன்னரே விடை வந்துவிடுகிறது.

இதற்கு மறுப்பாக, எண் நடுநிலையானது, அது பழைய ஆசான்களின் அதிகாரத்தைத் தகர்த்தது என்பர். இதில் உண்மை உண்டு. ஆட்டத் தொடக்கத்திலேயே மூலையின் மூன்றுக்கு மூன்று புள்ளியில் நுழைதல் தீது என நெடுங்காலம் போதிக்கப்பட்டது. அல்பாகோவின் பின் அது வல்லுநரிடையே வழமையாயிற்று. எந்தக் கல்விக்கூடத்தையும் சாராத மாணவனும் இன்று இத்தகைய அறிவினைப் பெறலாம். ஆயினும், ஆசானின் அதிகாரத்தை நீக்கி, வினவ முடியாத ஓர் எண்ணின் அதிகாரத்தை அவ்விடத்தில் அமர்த்துதல் விடுதலையாகாது. ஆசானிடமாவது காரணம் கேட்கலாம்.

அவ்வாறாயின் நல்ல திரை எத்தகையது? முதலில் அது மறைக்கத் தெரிந்ததாக இருத்தல் வேண்டும். ஆடியவர் தம் எண்ணத்தைப் பதிந்தபின்னரே தன் மதிப்பை வெளியிடல் வேண்டும். கட்ரெயினின் கற்பித்தல் முறை, பெருந்தவறு நேர்ந்ததும் அக்காயை மீட்டு, மீளச் சிந்திக்க இடமளிப்பது இத்திசையில் ஒரு நல்ல அடியாகும். அடுத்து, ஆராய்ச்சியின் ஆழத்துக்கேற்ப எண்ணின் அழுத்தமும் வேறுபடல் வேண்டும். மேலும், 2024இல் கட்டகோவுடன் இணைக்கப்பட்ட வலையமைப்பொன்று, குறித்த தரத்து மனிதர் எங்கு ஆடுவர் என முன்னுரைக்கவல்லது. மனிதர் ஆடக்கூடியதையும் நிரல் விரும்புவதையும் அருகருகே காட்டினால், அவ்விரண்டுக்குமிடையிலான தூரமே பாடமாகும். 37ஆவது காய் நமக்குப் புகட்டியதும் அத்தூரத்தையன்றோ!

கைகளின் உரையாடலுக்கு இருவர் வேண்டும். ஒருவர் மட்டும் தீர்ப்புரைக்க மற்றவர் பணிந்து கேட்பது உரையாடலாகாது. இடைமுகம் அமைப்போர் தாம் வரைவது ஒரு திரையை மட்டுமன்று, ஒரு கல்வி உறவையும் என்பதை உணர்தல் அவசியமாகும்.