ஆட மாட்டேன் என்றவர்கள்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலைக்கு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் காலனி. காலனிக்குப் பின்னால் ஏரிக்கரையை ஒட்டி ஒரு பொட்டல். எங்கப்பா காலத்தில் அங்கே ஆடியது சடுகுடு. இப்போது பையன்கள் அதைக் கபடி என்கிறார்கள். மூன்று பக்கமும் கம்பெனி காம்பவுண்டு எழும்பிவிட்டது. பொட்டல் மட்டும் எப்படியோ மிச்சம்.

அந்தப் பொட்டலில் ஆடி வளர்ந்தவன் என் சித்தப்பா மகன். அவன் பாடிப் போனால் இரண்டு பேரையாவது தொடாமல் திரும்ப மாட்டான். ஒரு கம்பெனியில் அவனுக்குக் கான்ட்ராக்ட் வேலை கிடைத்ததே ஆட்டத்தால்தான். கம்பெனிகளுக்கு இடையே நடந்த போட்டியில் கப்பு வாங்கிக் கொடுத்தான். மேனேஜர் தோளில் கை போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார். 'பர்மனென்ட் பண்ணிடுவாங்கண்ணா' என்று பார்க்கிற போதெல்லாம் சொல்வான். பிறகு ஒருநாள் கேன்டீன் சோற்றுக்காகவும் ஓவர்டைம் கூலிக்காகவும் கேட்டுக்கு எதிரே ஒரு கூட்டம் நடந்தது. இவனும் போனான். பேசக்கூட இல்லை, நின்றான். அடுத்த போட்டிக்கு டீமில் பேர் இல்லை. அதற்கடுத்த மாதம் கேட் பாஸும் இல்லை. காரணம் கேட்கப் போனவனிடம் கான்ட்ராக்டர் சொன்னது இதுதான்: "உனுக்கு இன்னாத்துக்குடா அரசியலு? ஆட்டக்காரன்தானே, ஆடு."

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் இங்கே விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். இதை எழுதியவர் அந்தக் கான்ட்ராக்டர் இல்லை. பத்திரிகை, சினிமா, விளையாட்டுச் சங்கம், ஒலிம்பிக் சாசனம் எல்லாமாகச் சேர்ந்து எழுதிய வாக்கியம் அது. ஒலிம்பிக் சாசனத்தின் 50ஆவது விதி, போட்டி நடக்கும் இடங்களில் அரசியல் ஆர்ப்பாட்டம் கூடாது என்கிறது. எங்கள் ஊர்க் கான்ட்ராக்டர் அதைப் படித்திருக்க மாட்டார். இருந்தாலும் அது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

முதலில் சினிமா. 2001இல் வந்த 'லகான்' படத்தில் கச்ரா என்று ஒரு பாத்திரம். தீண்டப்படாதவன், கை ஊனமானவன். அந்தக் கையிலிருந்துதான் பந்து சுழல்கிறது. அவனோடு ஆட மாட்டோம் என்று ஊர் மறுக்கிறது. அப்போது கச்ராவுக்காக நாயகன் நீளமாகப் பேசுகிறான். கச்ரா ஒடுங்கி நிற்கிறான். பிறகு விக்கெட் எடுக்கிறான், ஊர் அவனைக் கொண்டாடுகிறது. அவனுடைய கை வேண்டும், வாய் வேண்டாம். இதைச் சாதி ஒழிப்புக் காட்சி என்று இன்றும் சிலாகித்துச் சொல்கிறவர்கள் உண்டு.

பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' (2021) அப்படிப்பட்ட படம் இல்லை. அதில் கபிலன் இரக்கத்துக்காக நிற்கவில்லை. ஜெயிக்கிற நேரத்தில் மேடையிலேயே அவன் உடுப்பை உருவி அவமானப்படுத்துகிறார்கள். எவன் தாங்க மாட்டான், ஏன் தாங்க மாட்டான் என்பதை அந்தப் படம் தெளிவாகவே சொல்கிறது. நெருக்கடி நிலை வருகிறது, ரங்கன் வாத்தியார் சிறைக்குப் போகிறார். ஆனால் அரசியல் வாத்தியாரிடமே நின்றுவிடுகிறது. கபிலன் சாராயத்தில் விழுந்து, எழுந்து, மறுபடியும் மேடையேறி வேம்புலியை வீழ்த்துகிறான். மாரி செல்வராஜின் 'பைசன்' (2025), கபடி வீரர் மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவியது. அதன் கிட்டானும் அதிகம் பேசாதவன். தெற்கத்திக் கலவரங்களுக்கு நடுவே ஓடி, தேசிய அணியில் இடம் பிடித்துக் காட்டுவதுதான் அவன் பதில்.

இரண்டும் நம்முடைய படங்கள். இரண்டையும் தியேட்டரிலும் வீட்டிலும் விசில் அடித்துப் பார்த்தவன் நான். என் மனக்குறை வேறு. அவமானத்துக்கு வெற்றிதான் பதில் என்று நாமும் ஒப்புக்கொண்டுவிட்டோமா? ஜெயித்துக் காட்டினால்தான் மனுசன் என்றால் தோற்றவன் கதி என்ன? ஆடவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டவன் கதி என்ன? ஜெயிக்கிற தலித்தை இந்த நாடு தோளில் தூக்கிக்கொள்ளும். ஆட்டத்தை நிறுத்துகிற தலித்தை என்ன செய்யும்?

இந்தக் கேள்விக்கு நம் வரலாற்றில் 100 வருடத்துக்கு முந்திய பதில் ஒன்று இருக்கிறது. பல்வங்கர் பாலு, தோல் தொழிலோடு பிணைக்கப்பட்ட சாமர் சாதியில் பிறந்தவர். பூனாவில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மாதச் சம்பளத்துக்கு மைதானம் பராமரித்து, வலை கட்டி, துரைமார்களுக்குப் பந்து போட்டுப் பழகியவர். பின்னால் இந்து அணிக்கு அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் மட்டும் அவருக்கு வெளியே, தனி மண் குவளையில். 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணியில் 114 விக்கெட் எடுத்தார். ஆனாலும் அணித்தலைவர் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. கச்ராவுக்கு முன்மாதிரி இவர்தான் என்று பலரும் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் அதற்குப் பிறகு நடந்ததை விட்டுவிடுகிறார்கள்.

1920இல் பம்பாய் நாற்கோணப் போட்டி. இந்து அணியில் பாலுவைச் சேர்க்கவில்லை. தலைவர் உடல்நலம் குன்றியபோது, அனுபவத்தில் மூத்தவரான பாலுவின் தம்பி விட்டலைத் தாண்டி இன்னொருவருக்குத் தலைமை போனது. விட்டலும் இன்னொரு தம்பி சிவராமும் ஆட மறுத்து விலகினார்கள். சும்மா விலகவில்லை. சாதிதான் காரணம் என்று பொதுமக்களுக்கு அறிக்கை கொடுத்துவிட்டு விலகினார்கள். இறுதி ஆட்டத்துக்கு அவர்களைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. பாலு துணைத்தலைவர் ஆனார். 1923இல் விட்டல் தலைவரானார். அந்த ஆண்டு அவர் தலைமையில் இந்து அணி ஐரோப்பியரை வென்றது.

கவனிக்க வேண்டியது வரிசை. 1911இன் 114 விக்கெட்டால் வராத தலைமை, 1920இன் மறுப்புக்குப் பிறகு வந்தது. திறமை பாலுவை அணிக்குள் கொண்டுவந்தது. அணிக்குள்ளே கதவைத் திறந்தது வேலைநிறுத்தம். ஆம், வேலைநிறுத்தம் என்ற சொல்லையே நான் பயன்படுத்துகிறேன். உடம்பின் உழைப்பை ஒருவர் அனுபவிக்கிறார், அந்த உழைப்புக்குரிய மதிப்பைத் தர மறுக்கிறார் என்றால், உழைப்பை நிறுத்திவைப்பதற்கு வேறு என்ன பேர்?

பாலுவைப் பற்றி இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1932இல் பூனா ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்தும் இருக்கிறது. அண்ணல் அம்பேத்கர், நம் பக்கத்து கோழியாளம் தந்த இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா ஆகியோரும் கையெழுத்திட்ட அதே ஒப்பந்தம். 1937 தேர்தலில் பம்பாயில் அண்ணலை எதிர்த்துக் காங்கிரஸ் நிறுத்திய வேட்பாளர் பாலு. தோற்றார். இதைப் படித்தபோது எனக்குக் கசந்தது. ஆனால் யோசித்தால் இதுவும் நம் விசயத்தின் ஒரு பகுதிதான். நம் ஆட்டக்காரனின் முகம் மற்றவர்களுக்கு வாடகைக்குத் தேவைப்படுகிறது. கைதட்டியவர்கள் ஒருநாள் வந்து வசூல் பண்ணுவார்கள். 1937க்காக 1920ஐ நாம் தூக்கியெறிய வேண்டியதில்லை. 1920க்காக 1937ஐ மறைக்கவும் வேண்டியதில்லை.

வெளியே பார்த்தாலும் கணக்கு இப்படித்தான் ஓடுகிறது. 1967இல் வியட்நாம் போருக்குப் போக மறுத்த முகமது அலியிடமிருந்து பட்டத்தைப் பிடுங்கினார்கள். ஒரு குத்துச்சண்டைக்காரனின் உடம்பு உச்சத்தில் இருக்கிற மூன்றரை வருசம் அவரை மேடையேற விடவில்லை. 1971இல் உச்சநீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. போன வருசங்களை எந்தக் கோர்ட்டு தரும்? 1968 மெக்சிகோவில் கறுப்புக் கையுறை அணிந்து கை உயர்த்திய டாமி ஸ்மித்தையும் ஜான் கார்லோசையும் ஒலிம்பிக் கிராமத்தை விட்டே அனுப்பினார்கள். அவர்களோடு மனித உரிமைச் சின்னம் குத்திக்கொண்டு நின்ற ஆஸ்திரேலிய வெள்ளைக்காரர் பீட்டர் நார்மன் அதன்பின் ஒலிம்பிக்கில் ஓடவில்லை. 2006இல் அவர் இறந்தபோது ஸ்மித்தும் கார்லோசும் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தார்கள். அவர் நாட்டுப் பார்லிமென்ட் மன்னிப்புக் கேட்டது 2012இல். 2016இல் கறுப்பர்கள் மீதான போலீஸ் வன்முறையை எதிர்த்துத் தேசிய கீதத்தின்போது மண்டியிட்ட காலின் கேப்பர்னிக்கை அந்தப் பருவம் முடிந்தபின் எந்த அணியும் எடுக்கவில்லை. அவரை யாரும் 'தடை' செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். பட்டியலில் பேர் இல்லை, அவ்வளவுதான். என் சித்தப்பா மகனுக்கு நடந்ததும் அதுதான்.

நம் நாட்டில் 2023இல் மல்யுத்த வீராங்கனைகள் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். கூட்டமைப்பின் தலைவர் மீது பாலியல் தொல்லைப் புகார். மே 28 அன்று, புதிய பார்லிமென்ட் திறப்பு நாளில், அவர்களைத் தெருவில் இழுத்துப் போலீஸ் வண்டியில் ஏற்றியதை எல்லோரும் பார்த்தோம். டிசம்பரில் சாக்‌ஷி மாலிக் தன் காலணியை மேசைமேல் வைத்துவிட்டு ஆட்டத்திலிருந்தே வெளியேறினார். ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவருக்கே இந்த நிலைமை. அந்தப் போராட்டத்துக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்களுக்குப் பின்னால் நிலமுள்ள ஒரு சமூகம் இருந்தது. காப் பஞ்சாயத்துகளும் விவசாயச் சங்கங்களும் வந்து நின்றன. வினேஷ் போகத் 2024இல் பாரிசிலிருந்து திரும்பியபின் சட்டமன்றத்துக்குப் போக ஒரு வழி இருந்தது. விழுந்தால் தாங்க மண் இருந்தது.

மண் இல்லாதவர்களுக்கு? வந்தனா கட்டாரியா 2021 டோக்கியோவில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக்கில் அப்படி அடித்த முதல் இந்தியப் பெண். நாலு நாள் கழித்து அரையிறுதியில் அணி தோற்றதும், அரித்துவார் பக்கத்தில் அவர் வீட்டெதிரே ஆதிக்க சாதிக்காரர்கள் பட்டாசு வெடித்துச் சாதியைச் சொல்லித் திட்டினார்கள். அணியில் தலித்துகள் அதிகம், அதனால்தான் தோல்வியாம். நம் புதுக்கோட்டை கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜன், செங்கல் சூளைத் தொழிலாளர் மகள், 2006 தோஹாவில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். 2012இல் அவரும் சூளையில் கூலி வேலை பார்த்ததை நாடு செய்தியாகப் படித்தது. இந்த இரண்டு பெண்களும் எந்தக் கொடியையும் பிடிக்கவில்லை, எந்தக் கோசமும் போடவில்லை. எதிர்ப்புக்குக் கிடைக்கிற தண்டனை அவர்களுக்கு எதிர்ப்பு இல்லாமலே கிடைத்தது. 'அரசியல் பேசாதே, ஆடு' என்பவர்களிடம் நாம் வைக்க வேண்டிய கேள்வி இது. பேசாமல் ஆடினவங்களுக்கு நீங்க என்னா குடுத்தீங்க?

1938இல் பம்பாய் சட்டமன்றத்தில் தொழில் தகராறு மசோதா வந்தபோது, வேலைநிறுத்தத்தைக் குற்றமாக்குவது மனிதனை அடிமையாக்குவதுதான் என்று அண்ணல் வாதிட்டார். அந்த நவம்பர் 7ஆம் நாள் தொழிலாளர்களோடு தெருவிலும் இறங்கினார். ஆலைக்குப் பொருந்துவது ஆடுகளத்துக்கும் பொருந்தும் என்றே நான் படிக்கிறேன். எங்கள் வட்டாரம் இதைச் சமீபத்தில் பார்த்தது. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 தொடங்கி 37 நாள் வேலையை நிறுத்தினார்கள். அவர்கள் கேட்டவற்றில் முதலாவது, தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம். பந்தலைப் பிரித்தார்கள், கைது செய்தார்கள். 2025 சனவரியில் சங்கம் பதிவானது. பேர் வைத்துக்கொள்ளும் உரிமைக்கே இத்தனை நாள்.

நம் எழுத்தாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். கப்பு வாங்கியவன் கதையை எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. டீம் பட்டியலில் பேர் இல்லாமல் போனவன் கதையையும் எழுதுங்கள். விட்டல் தன் விளையாட்டு வாழ்க்கையை மராத்தியில் தானே எழுதிவைத்துவிட்டுப் போனார். மராத்தி தெரிந்த தோழர்கள் அதைத் தேடிப் பிடித்துப் படித்துச் சொல்ல வேண்டும். நம் பையன்களின் கதையை யார் எழுதிவைத்திருக்கிறோம்?

சித்தப்பா மகன் இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறான். சாயங்காலம் பொட்டலுக்கு வந்து சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். கபடியில் பாடிப் போகிறவனுக்கு ஒரே ஒரு சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல அனுமதி. வேறு சொல்லுக்கு இடமில்லை. போன வாரம் ஒரு பையன் அவனைக் கேட்டான், "அண்ணா, நீ அந்தக் கூட்டத்துக்குப் போவாம இருந்திருந்தா இன்னேரம் பர்மனென்ட்தானே?"

இவன் கோட்டைக் காலால் அழித்துப் புதுசாகக் கிழித்துக்கொண்டே சொன்னான்: "என்கூட கப்பு வாங்குனவன் ஆறு பேரு. அவனுங்க கூட்டத்துக்குப் போவல. அவனுங்களும் கான்ட்ராக்ட்டுதான்டா இன்னும்."